முதலில் செலவு, பிறகு வரவு

பேரிடருக்கு உள்ளான ஊரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கேட்பது, எவ்வளவு நிதி ஒதுக்கினார்கள் என்பதைத்தான். உள்ளாட்சி அமைப்புகளுக்கு நிதிக் கோரிக்கைகளைத் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, தொகையைவிட அது வந்து சேர்ந்த தேதிதான் முதலில் தெரிந்தாக வேண்டும். அறிவிப்பு வெளியான நாளுக்கும் நகராட்சியின் வங்கிக் கணக்கில் பணம் ஏறிய நாளுக்கும் இடையே மாதங்கள் கழியலாம், ஆண்டுகளும் கழியலாம். அதற்குள் உடைந்த குடிநீர்க் குழாயை யாருடைய பணத்தில் மாற்றினார்கள், சாலையில் சாய்ந்த மரங்களை யாருடைய பணத்தில் அகற்றினார்கள், இரவு முழுவதும் நீரேற்று நிலையத்தில் நின்ற பணியாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. அந்த இடைக்காலத்தைத் தாண்டுவதற்கு ஒரு சிறிய உள்ளாட்சி முன்கூட்டியே என்ன செய்து வைத்திருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

பல நாடுகளில் மேலிருந்து வரும் உதவி முன்பணமாக வருவதில்லை. செலவழித்துவிட்டுக் கணக்குக் காட்டினால் திருப்பித் தரப்படும் தொகையாகவே வருகிறது. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டப்படி, குடியரசுத் தலைவர் பேரிடர் என அறிவித்த பகுதிகளில், உள்ளாட்சிகளின் தகுதியான செலவில் குறைந்தது 75 சதவீதத்தை ஒன்றிய அரசு ஏற்கிறது. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. மீதமுள்ள 25 சதவீதத்தை மாநிலமும் உள்ளாட்சியும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதும், முழுத் தொகையையும் பெரும்பாலும் முதலில் உள்ளாட்சிதான் எடுத்துச் செலவிட வேண்டும் என்பதும், ‘தகுதியான’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பக்கங்களில் விதிகள் நிற்கின்றன என்பதும் பிறகுதான் தெரியவருகின்றன. இங்கிலாந்தின் பெல்வின் திட்டத்தில், ஓர் உள்ளாட்சி தன் ஆண்டு வருவாய்ச் செலவுத் திட்டத்தில் 0.2 சதவீதத்தைத் தானே செலவிட்ட பிறகுதான் அதற்கு மேற்பட்ட அவசரச் செலவு திருப்பித் தரப்படும். நிரந்தரக் கட்டுமானங்களைத் திரும்பக் கட்டும் செலவு அதில் அடங்காது. இந்தியாவில் மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு பொதுவாக 75 சதவீதமும், வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களுக்கு 90 சதவீதமும் தருகிறது. ஆனால் அந்த நிதி மாநிலத்தின் கையில் இருக்கிறது. நகராட்சியும் ஊராட்சியும் அதைப் படிப்படியாகக் கேட்டுப் பெற வேண்டிய இடத்தில் இருக்கின்றன.

செலவு ஏறும் அதே வாரத்தில் வரவு இறங்கிவிடுவதுதான் இதில் உள்ள கொடுமை. வீடுகள் விழுந்த தெருவில் சொத்துவரி வராது. கடைகள் திறக்காத ஊரில் விற்பனை சார்ந்த வரியும் வராது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி தாக்கிய பிறகு, அக்டோபர் மாதத் தொடக்கத்திலேயே நியூ ஆர்லியன்ஸ் மாநகர நிர்வாகம் சுமார் 3,000 ஊழியர்களைப் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தது. ஊரைத் திரும்ப எழுப்ப ஆள் அதிகமாகத் தேவைப்பட்ட நேரத்தில், சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் ஆளை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. பேரிடர் நிதி பற்றிய எந்தப் பயிற்சியிலும் நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான், ஏனெனில் அங்கே அமர்ந்திருக்கும் கணக்கு அலுவலர்கள் தங்கள் சேமிப்பை, செலவை மட்டும் மனதில் வைத்துத்தான் கணக்கிட்டிருப்பார்கள். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கென்றே சமூகப் பேரிடர்க் கடன் என்ற ஏற்பாடு உண்டு. ஓராண்டு இயக்கச் செலவில் 25 சதவீதம் வரை, 50 லட்சம் டாலர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கடன் கிடைக்கும். கத்ரீனாவின்போது அந்த உச்சவரம்பு போதவில்லை என்பதால் தனிச் சட்டம் இயற்றி அதை நீக்கினார்கள். அதே சட்டத்தில் கடனைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்றும் எழுதிவிட்டு, 2007-இல் இன்னொரு சட்டத்தால் அதைத் திருத்தினார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சிறிய ஊரில் வெள்ளம் ஒரு சிறுபாலத்தை முழுவதுமாக அடித்துக்கொண்டு போயிருந்தது. அதை வெள்ளம்தான் கொண்டுபோனது என்பதில் அந்த ஊரில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் அதன் துண்டுகள் கிடந்தன. கோரிக்கையைப் பரிசீலித்த அலுவலர் கேட்டது ஒரே கேள்வி: வெள்ளத்துக்கு முந்தைய நாள் அந்தப் பாலம் எந்த நிலையில் இருந்தது? பராமரிப்புப் பதிவேட்டில் பல ஆண்டுகளாக ஒரு வரிகூட எழுதப்படவில்லை. கடைசியாக எடுத்த புகைப்படத்தில் பாலத்தைவிட அதன் மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள்தான் தெரிந்தார்கள். ஏற்கெனவே பழுதடைந்து விழவிருந்த ஒன்றைப் பேரிடரின் கணக்கில் எழுதுகிறீர்களோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க எங்களிடம் ஆவணம் ஏதும் இல்லாததால், கோரிக்கை திருப்பி அனுப்பப்பட்டது. அந்த அலுவலர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருடைய நாற்காலியில் இருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம்மிடம் காலங்காலமாகச் சொல்கிறார்கள். அணை போட்டதற்கான அளவுப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஆகவே, எந்த உள்ளாட்சிக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது சொத்துப் பதிவேட்டைத்தான். கணக்கு நூல்களில் இருக்கும் ‘சாலைகள் மற்றும் பாலங்கள்’ என்ற ஒற்றை வரித் தொகை இதற்குப் பயன்படாது. ஒவ்வொரு பாலம், மதகு, நீர்த்தேக்கத் தொட்டி, மோட்டார், கட்டடம் ஆகியவற்றுக்கும் இருப்பிடம், அளவு, கட்டிய ஆண்டு, கடைசியாகப் பழுதுபார்த்த தேதி, காப்பீடு உண்டா என்ற விவரம், இன்றைய விலையில் திரும்பக் கட்ட ஆகும் மதிப்பு, தேதியோடு கூடிய புகைப்படம் ஆகியவை இருக்க வேண்டும். மதிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை: புத்தகத்தில் தேய்மானம் போக நிற்கும் தொகையை வைத்துக் காப்பீடு எடுத்த ஊர்கள் பேரிடருக்குப் பிறகு அதிர்ந்துபோகின்றன. முப்பது ஆண்டு பழைய கட்டடத்தின் புத்தக மதிப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போயிருக்கலாம். அதைத் திரும்பக் கட்டும் செலவு அப்படிக் குறையாது.

பதிவேடு இருந்தால் மட்டும் போதாது, அது ஊரோடு சேர்ந்து முழுகாத இடத்தில் இருக்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை, மினாமி சன்ரிக்கு, ஒனகவா, ரிக்குசென்தகாதா, ஒட்சுச்சி ஆகிய நான்கு ஊர்களின் குடும்பப் பதிவேடுகளின் மூலப் பிரதிகளை அழித்துவிட்டது. பிறப்பு, திருமணம், இறப்பு என அந்நாட்டில் ஒருவரின் சட்ட அடையாளம் முழுவதும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சட்ட விவகார அலுவலகங்களில் அவற்றின் நகல்கள் இருந்தபடியால் அவற்றை மீட்டெடுக்க முடிந்தது. நகலை வேறு கட்டடத்தில் வைத்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கட்டடமும் அதே ஆற்றின் கரையில் இருந்தால் வைத்ததற்கு அர்த்தமில்லை.

அடுத்தது ஒப்பந்தங்கள். பேரிடரின் மறுநாள் காலையில் இடிபாடுகளை அகற்ற ஆள் தேடும் ஊர், கேட்ட விலையைக் கொடுத்தே தீர வேண்டும். கொடுத்த பிறகு அந்த விலை நியாயமானதா என்று தணிக்கையாளர் கேட்பார். வழக்கமான நாளில் பொறுமையாக ஒப்பந்தப்புள்ளி கோரி, விலை வீதங்களை முடிவுசெய்து, தேவைப்பட்டால் மட்டும் நடைமுறைக்கு வரும் வகையில் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது இதற்கான எளிய வழி. அமெரிக்க ஒன்றிய நிதி விதிகள், செலவாகும் தொகையின் மீது இத்தனை சதவீதம் லாபம் என்று ஒப்பந்தம் போடுவதை முற்றாகத் தடைசெய்கின்றன. செலவு கூடக் கூட ஒப்பந்ததாரரின் லாபமும் கூடும் ஏற்பாடு அது என்பதால் அந்தத் தடை நியாயமானதே. வேலை நேரத்துக்கும் பொருளுக்கும் கூலி என்ற வகை ஒப்பந்தத்தையும், வேறு வழியில்லாதபோது, உச்சவரம்புத் தொகையோடு மட்டுமே அனுமதிக்கின்றன. பதற்றத்தில் கையெழுத்தாகும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வகையில்தான் அமைகின்றன என்பதை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். அகற்றிய இடிபாடுகளை எங்கே கொட்டுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பணிக்கு ஆளும் வண்டியும் வந்து நிற்க, கொட்டுவதற்கு இடமில்லாமல் ஒரே குவியலை இரண்டு முறை ஏற்றி இறக்கிய ஊரும் உண்டு. இரண்டாவது முறைக்கான செலவை எந்தத் திட்டமும் ஏற்கவில்லை.

ஊழியர்களின் நேரப் பதிவு சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் நான் பார்த்த இழப்புகளில் பாதி அங்கேதான் நேர்ந்தது. அமெரிக்க நடைமுறையில் அவசரகாலப் பணிகளுக்கு நிரந்தர ஊழியரின் வழக்கமான பணிநேரச் சம்பளம் பொதுவாகத் திருப்பித் தரப்படாது. கூடுதல் நேரத்துக்கான ஊதியம் மட்டுமே தரப்படும். அதுவும், கூடுதல் நேர ஊதியம் பற்றிய எழுத்துபூர்வமான கொள்கை பேரிடருக்கு முன்பே நடைமுறையில் இருந்திருக்க வேண்டும். பிறகு எழுதிச் சேர்த்த கொள்கை செல்லாது. யார், எந்த இடத்தில், எந்த வேலையை, எந்த இயந்திரத்தை வைத்து, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை செய்தார் என்று அன்றன்றே எழுதி மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டும். இடுப்பளவு நீரில் நிற்பவரிடம் போய்ப் படிவத்தை நீட்டுவது மனிதத்தன்மை இல்லாத செயல் என்று ஒரு பொறியாளர் என்னிடம் சினந்துகொண்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கு நாங்கள் கண்ட வழி, எழுதுவதற்கென்றே ஒருவரை ஒவ்வொரு குழுவோடும் அனுப்புவது. அந்த ஒருவர் களத்தில் வேலை செய்யாமல் நிற்பதாக முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். பணம் வந்த பிறகு முணுமுணுப்பு நின்றது.

இனி, பணத்துக்கு வருகிறேன். ஒரே பையிலிருந்து எல்லாச் செலவையும் செய்ய முடியாது. அடிக்கடி வரும் சிறிய பாதிப்புக்குச் சேமிப்பும், எப்போதாவது வரும் நடுத்தரப் பாதிப்புக்கு முன்பே ஏற்பாடு செய்த கடனும், அரிதாக வரும் பெரும் பாதிப்புக்குக் காப்பீடும் எனப் பிரித்து வைப்பதே முறை.

சேமிப்பைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கிய நாடு பிலிப்பைன்ஸ். 2010-ஆம் ஆண்டின் 10121 எண் சட்டப்படி, ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் வழக்கமான வருவாயில் குறைந்தது 5 சதவீதத்தைப் பேரிடர் நிதிக்கு ஒதுக்க வேண்டும். அதில் 30 சதவீதம் உடனடி நடவடிக்கைக்கான நிதி. மீதி 70 சதவீதத்தைப் பேரிடர் வருவதற்கு முன்பே தடுப்புக்கும் ஆயத்தத்துக்கும் செலவிடலாம். அந்த ஆண்டில் செலவாகாத தொகை வீணாகாமல் தனி அறக்கட்டளைக் கணக்கில் சேர்ந்து, ஐந்து ஆண்டுகள் வரை பயன்படும். இந்தக் கடைசி விதியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் நிதியாண்டு முடிவதற்குள் செலவிடாவிட்டால் பறிபோகும் என்ற நிலை இருந்தால் எந்த நிர்வாகமும் பேரிடர்ச் சேமிப்பை மார்ச்சிலோ டிசம்பரிலோ ஏதாவது ஒன்றை வாங்கித் தீர்த்துவிடும். ஆனால் 5 சதவீதம் என்பது வருவாயின் சதவீதம், ஆபத்தின் சதவீதம் அல்ல. பணக்கார மாநகருக்கு அது பெரும் தொகை. புயல் அடிக்கடி கரையேறும் ஏழைக் கடலோர ஊருக்கு அது சில கூரைத் தகடுகளுக்கே போதும்.

சிறிய ஊர்கள் தனித்தனியே சேமிப்பதைவிடக் கூட்டாகச் சேர்வது நல்லது என்பதற்கு நியூசிலாந்து ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பேரிடரில் சேதமாகும் குடிநீர், கழிவுநீர் போன்ற நிலத்தடிக் கட்டமைப்புகளுக்கு நடுவண் அரசு 60 சதவீதம் வரை தரும். மீதி 40 சதவீதத்துக்கு உள்ளாட்சி தானே வழி செய்திருக்க வேண்டும். அதற்காகவே 1993-இல் உள்ளாட்சிகள் தங்களுக்குள் ஒரு பாதுகாப்பு நிதியைத் தொடங்கின. 2010, 2011-ஆம் ஆண்டுகளில் கேன்டர்பரி பகுதியைத் தொடர்ந்து தாக்கிய நிலநடுக்கங்கள் அந்த நிதியைக் காலிசெய்துவிட்டன. அதைத் திரும்பக் கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று. இதைக் கேட்டதும் கூட்டு நிதி தோல்வி என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நிதி எதற்காகச் சேர்க்கப்பட்டதோ அதற்குத்தான் செலவானது. ஒன்றன்பின் ஒன்றாக அதிர்வுகள் வரக்கூடும் என்பதைக் கணக்கிட்டு, மறுகாப்பீட்டின் அளவை, அதாவது அந்த நிதி தன் சுமையைப் பகிர வெளியே எடுக்கும் காப்பீட்டின் அளவை, வைத்திருந்தார்களா என்பதே விவாதிக்க வேண்டியது.

காப்பீட்டில் இப்போது அதிகம் பேசப்படுவது அளவுகோல் சார்ந்த காப்பீடு. சேதத்தை மதிப்பிடாமல், காற்றின் வேகம், நிலநடுக்கத்தின் வலிமை, மழையின் அளவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று குறித்த வரம்பைத் தாண்டினால் உடனே பணம் தரும் ஏற்பாடு அது. கரீபிய நாடுகள் 2007-இல் சேர்ந்து தொடங்கிய பேரிடர்க் காப்பீட்டு அமைப்பு, 2010 ஜனவரியில் ஹைட்டியை நிலநடுக்கம் தாக்கியபோது, இரண்டு வாரங்களுக்குள் சுமார் 77.5 லட்சம் டாலரைக் கொடுத்தது. அந்த நிலநடுக்கத்தின் மொத்தப் பாதிப்பு சுமார் 780 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. கிடைத்தது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அரசுக் கட்டடங்களே தரைமட்டமாகி நின்ற நாட்டில் முதலில் கைக்கு வந்த அந்தப் பணத்துக்கு அதன் அளவைத் தாண்டிய பயன் இருந்தது. அதைக் கொண்டு நாட்டைத் திரும்பக் கட்ட முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இந்த வகைக் காப்பீட்டை விற்க வருபவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள்; நாம் அளவைப் பற்றிக் கேட்க வேண்டும். அளவுகோலைப் பற்றியும் கேட்க வேண்டும். ஆப்பிரிக்க இடர்க் காப்பீட்டு அமைப்பில் சேர்ந்திருந்த மலாவி, 2015–16 பருவத்தில் கடும் வறட்சிக்கு உள்ளானபோது, கணினி மாதிரி பாதிப்பு குறைவு என்று காட்டியதால் முதலில் பணம் கிடைக்கவில்லை. விவசாயிகள் உண்மையில் பயிரிட்டது குறுகிய கால மக்காச்சோளம். மாதிரியோ நீண்ட கால ரகத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தது. மறுஆய்வுக்குப் பிறகு சுமார் 81 லட்சம் டாலர் கிடைத்தது, ஆனால் பல மாதங்கள் கடந்துவிட்டிருந்தன. வேகத்துக்காக வாங்கிய காப்பீட்டில் வேகமே போய்விட்டது.

மறுசீரமைப்பு நிதியில் என்னை இன்னும் உறுத்துவது, ‘முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருதல்’ என்ற விதி. வெள்ளநீர் போகப் போதாத சிறுபாலத்தை அதே அளவில் திரும்பக் கட்டினால் அடுத்த வெள்ளத்துக்கு அதைத் தயார்செய்து வைக்கிறோம் என்றுதான் பொருள். 2015-இல் ஜப்பானின் சென்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்ற பேரிடர் அபாயக் குறைப்புச் செயல்திட்டம், முன்பைவிட மேலாகக் கட்டுதலைத் தன் நான்கு முன்னுரிமைகளில் ஒன்றில் சேர்த்திருக்கிறது. அமெரிக்கத் தேசியக் கட்டடவியல் நிறுவனத்தின் 2019 அறிக்கை, ஒன்றிய அரசின் இடர்த்தணிப்பு மானியங்களில் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஆறு டாலர் இழப்பு தவிர்க்கப்பட்டதாகக் கணக்கிட்டது. இந்தியாவின் 15-ஆவது நிதிக்குழு, மாநிலங்களுக்கான பேரிடர் ஒதுக்கீட்டில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கென்று தனியே பிரித்தது. நிவாரணம், மறுசீரமைப்பு, ஆயத்தம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பங்குகளை வகுத்தது. விதிகளில் இடம் இருந்தும் உள்ளாட்சிகள் இதைப் பயன்படுத்தாமல் போவதற்குக் காரணம் நேரம்தான். பெரிய பாலத்துக்கான வரைபடமும் மதிப்பீடும் வெள்ளத்துக்கு முன்பே கோப்பில் இருந்தால் கோரிக்கையோடு இணைத்துவிடலாம். இல்லையென்றால், மக்கள் சுற்றுப்பாதையில் போய்வரும் அவசரத்தில், பழைய பாலத்தின் வரைபடமே மறுபடியும் கையெழுத்தாகும்.

இத்தனையையும் செய்ய ஊரில் ஆள் இருக்கிறார்களா என்பது தனிக் கேள்வி. ஒட்சுச்சியில் மேயர் உட்பட சுமார் 40 நகராட்சி ஊழியர்கள் ஆழிப்பேரலையில் இறந்தார்கள். மீட்பை நடத்த வேண்டியவர்களே பாதிக்கப்பட்டவர்களாக இருந்தார்கள். ஜப்பானின் பிற ஊர்கள் தங்கள் ஊழியர்களைப் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு அனுப்பி வைத்தன. 2008 வென்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு சீன அரசு இதை இன்னும் கண்டிப்பாகச் செய்தது: கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு ஒவ்வொரு மாகாணத்தை இணையாக்கி, அந்த மாகாணம் தன் முந்தைய ஆண்டு வருவாயில் குறைந்தது 1 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்குத் தர வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தக் கட்டாயம் எல்லா ஆட்சிமுறைக்கும் பொருந்தாது. ஆனால் அருகருகே இல்லாத, ஒரே வெள்ளத்தில் ஒன்றாக மூழ்காத இரண்டு ஊர்கள், பொறியாளரையும் கணக்கரையும் கடனாகக் கொடுப்பது பற்றி முன்கூட்டியே எழுத்தில் உடன்படுவதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. யார் சம்பளம் கொடுப்பது, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற இரண்டு வரிகள் மட்டும் அந்த உடன்படிக்கையில் விட்டுப்போகக் கூடாது.

மேலே உள்ள நிதியும் நிலையானது என்று எண்ணிவிட வேண்டாம். மெக்சிகோ 1996-இல் உருவாக்கிய தேசியப் பேரிடர் நிதி, பல நாடுகள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு. 2020-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறக்கட்டளை நிதிகளைக் கலைக்க வாக்களித்தபோது அதுவும் அவற்றோடு கலைந்தது.

சிறுபாலத்தின் கோரிக்கை திரும்பிவந்த அந்த ஊருக்கு இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பு போய்வருகிறேன். பதிவேட்டில் புதிய புகைப்படங்களை ஒட்டுவதும் மதிப்புகளைத் திருத்துவதும்தான் வேலை. உறுப்பினர்கள் இப்போது பாலத்தின் மேல் நிற்காமல் விலகி நிற்கிறார்கள். அளவுகோல் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் படம் எடுக்கிறோம். இந்த ஆண்டு இரண்டு மதகுகளுக்குப் போகும் வழி புதர் மூடிக் கிடந்ததால் அவற்றின் பக்கங்கள் மட்டும் காலியாக இருக்கின்றன. புதரை வெட்ட அடுத்த வாரம் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.